ரிசர்வ் சைட்: திருப்பூர்ப் புறநகரும் திட்டக் குழுமமும்

'எம்டன்' என்ற சொல் தமிழ்ப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டுமழை பொழிந்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர், துணிச்சலும் சாமர்த்தியமும் சற்றே கபடமும் கலந்த மனிதரைக் குறிக்கும் அடைமொழியாக நம்மிடம் தங்கிவிட்டது. அக்கப்பல் அடுத்த மாதம் செய்த இன்னொரு காரியத்தை யாரும் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. அது கடலில் மூழ்கடித்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஒன்றின் பெயர் 'கிளான் கிராண்ட்'. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ் பல ஆண்டுகள் முயன்று சேர்த்த நகரமைப்புக் கண்காட்சி, வரைபடங்களும் படங்களுமாக, அந்தக் கப்பலில்தான் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. அழைத்திருந்தவர் அன்றைய சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு. ஆக, நகரைத் திட்டமிடும் கலை நம் மாகாணத்துக்குள் நுழையும் முன்பே ஒருமுறை கடலில் மூழ்கியிருக்கிறது.

கெடிஸ் சளைக்கவில்லை. நண்பர்களின் உதவியால் மாற்றுத் தொகுப்பொன்று திரட்டப்பட்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தேறியது. பின்பு அவர் மாகாணத்தின் ஊர்களை நேரில் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கோயம்புத்தூரும் அவற்றுள் ஒன்று. பழைய தெருக்களை இடித்துத் தள்ளி அளவுகோல் வைத்தாற்போல் சாலை போடும் பொறியாளர்கள்மீது அவருக்குக் கடும் கசப்பு உண்டு. முதலில் ஊரைக் கால்நடையாகச் சுற்றி அறிய வேண்டும், அதன் நோயை இனங்காண வேண்டும், பிறகு தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்க வேண்டும் என்பது அவருடைய முறை. அவரை அடுத்து வந்த லான்செஸ்டர் சென்னை மாகாண நகரமைப்பு குறித்து 1918-இல் ஒரு நூலே எழுதினார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. திருப்பூர் நகராட்சியானது 1917-இல். ஊரும் சட்டமும் ஏறத்தாழ ஒத்த வயதுடையவை என்று சொல்லலாம். ஆயினும் அவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அச்சந்திப்பு பெரும்பாலும் ஊருக்கு வெளியே, காடு தோட்டங்களின் நடுவில், வேலம்பாளையத்திலும் நல்லூரிலும் வீரபாண்டியிலும் நிகழ்ந்தது.

திருப்பூர் திட்டமின்றி வளர்ந்த ஊர் என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. நாம் இதை ஏற்பதற்கில்லை. எந்தச் சாலை எவ்வளவு அகலம், எந்தத் தெருவில் வீடு, எந்த மூலையில் பட்டறை, எந்தப் பள்ளத்தில் கழிவு என்பதையெல்லாம் யாரோ எப்போதோ தீர்மானித்துத்தான் இருக்கிறார்கள். நிலத்தைப் பிரித்து விற்றவர், சங்கிலி பிடித்த சர்வேயர், தண்ணீர் கண்ட கிணற்றுக்காரர், நீதிமன்றம், குழாய் பதித்த நிறுவனம் எனப் பலர் அதில் உண்டு. இவ்வரிசையில் சட்டப்படி முதலாவதாக நிற்க வேண்டிய அரசு அலுவலகம் எவ்விடத்தில் நின்றது, அங்கு நின்றுகொண்டு எதைச் சாதித்தது என்று பார்ப்பதே நம் நோக்கம்.

சட்டத்தின் பிறப்பிடத்தைக் கொஞ்சம் நோக்க வேண்டும். நம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னோடி இங்கிலாந்தின் 1909-ஆம் ஆண்டு வீட்டுவசதி, நகரமைப்புச் சட்டம். புகையும் இரைச்சலும் நிறைந்த ஆலை நகரங்களிலிருந்து உழைப்பாளியின் வீட்டைப் பிரித்தெடுத்து, மரம் செடி கொடிகளுக்கிடையே வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த சிந்தனை அது. எபனேசர் ஹோவர்டின் தோட்டநகரக் கனவும் அதே காலத்தது. வீடு வேறு, வேலைத்தலம் வேறு என்பது அச்சிந்தனையின் அடிக்கல். அங்கே புறநகர் என்றால் வேலை முடிந்து திரும்பிச் சென்று இளைப்பாறும் இடம்.

திருப்பூர்ப் புறநகரோ வேலை தொடங்கும் இடம். இந்த ஒரு முரணைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

பருத்திச் சந்தையாகவும், 1920களில் கதர் இயக்கத்தின் முக்கிய மையமாகவும், 1932 ஜனவரியில் குமரன் கொடியோடு விழுந்த ஊராகவும் திருப்பூரைப் பலரும் அறிவர். பின்னலாடைத் தொழிலும் அதே கதர்க் காலத்தையொட்டி, கல்கத்தாவிலிருந்து வந்த எந்திரங்களோடு இங்கே கால்கொண்டது. பல பத்தாண்டுகள் அது உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியன்தான். 1970களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் பம்பாய் வணிகர்கள் மூலமாகத் திருப்பூரைக் கண்டுகொண்ட பிறகு கதை மாறியது. 1985-இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 1990 வாக்கில் 300 கோடியை எட்டியது. அவ்வாண்டில்தான் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் இருபது மடங்கு! எந்த நகரமைப்பு அதிகாரியின் வரைபலகையும் இந்த வேகத்தைத் தாங்கியிருக்காது என்பதை அந்தத் துறைக்குச் சாதகமாக நாம் முதலிலேயே பதிவு செய்துவிடுகிறோம்.

இவ்வளர்ச்சி ஒரே கூரையின்கீழ் நிகழவில்லை. பனியன் கம்பெனி என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒரு சங்கிலி. நூல் ஓரிடத்தில் துணியாகப் பின்னப்படும்; வேறோர் இடத்தில் வெளுக்கவோ சாயமேற்றவோ படும்; மற்றோர் இடத்தில் வெட்டப்படும்; பவர் டேபிள் பட்டறையில் தைக்கப்படும்; காஜா, பட்டன், எம்பிராய்டரி, பிரிண்டிங் எல்லாம் தனித்தனி ஜாப் ஒர்க். பிசிறு வெட்டும் வேலை சில வீட்டுத் திண்ணைகளுக்கே வந்து சேரும். ஒரு சட்டை முழுமை பெறுவதற்குள் மொபெட்டிலும் டெம்போவிலுமாக ஊரின் பாதியைச் சுற்றிவிடும். ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' என்ற ஆய்வு நூல், கொங்கு வேளாளக் கவுண்டர்களில் ஒரு பகுதியினர் தோட்டத்திலிருந்து தையல் எந்திரத்துக்கும், அங்கிருந்து முதலாளியின் நாற்காலிக்கும் வந்த வழியை விரிவாக ஆராய்கிறது. 'உழைப்பு' என்ற சொல் அவர்கள் வாயில் எப்படி ஒரு மூலதனமாகவே மாறியது என்று அவர் காட்டுவது வாசிக்கத் தக்கது. நமக்கு இங்கே வேண்டியது அதன் நிலப் பக்கம்தான். தோட்டத்துச் சாலையில் நான்கு எந்திரம் போட்டுத் தொழில் தொடங்க முடிந்தது. ஏனெனில் தோட்டம் நகராட்சி எல்லைக்கு வெளியே கிராமப் பஞ்சாயத்தில் இருந்தது, அங்கே கேள்வி கேட்பார் குறைவு. (கொங்கு நாட்டில் 'சாலை' என்றால் தோட்டத்துக் கொட்டகையையும் குறிக்கும் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.)

விளைவை மக்கள்தொகைக் கணக்கு காட்டுகிறது. சுமார் 27 சதுர கிலோமீட்டர் கொண்ட பழைய நகராட்சி எல்லைக்குள் 2011-இல் வாழ்ந்தவர்கள் 4,44,352 பேர். 15 வேலம்பாளையம், நல்லூர் ஆகிய நகராட்சிகளும், ஆண்டிபாளையம், செட்டிபாளையம், மண்ணரை, முருகம்பாளையம், முத்தணம்பாளையம், நெருப்பெரிச்சல், தொட்டிபாளையம், வீரபாண்டி ஆகிய எட்டுப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து மாநகராட்சி ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, அந்த விரிந்த எல்லைக்குள் அதே கணக்கெடுப்பின்படி 8,77,778 பேர். எண்களைக் கழித்துப் பார்த்தால், ஊரின் பாதி ஊருக்கு வெளியே இருந்திருக்கிறது. 'திருப்பூர்' என்று உலகம் வாங்கிய சட்டையில் சரிபாதி, சட்டப்படி திருப்பூர் அல்லாத இடத்தில் வாழ்ந்தவர்களுடையது.

இனி அலுவலகத்துக்கு வருவோம். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. பழைய சட்டம் பெரும்பாலும் நகராட்சி எல்லையோடு நின்றது. புதியது ஊருக்கு வெளியே பார்க்கத் துணிந்தது. தலைப்பில் இருக்கும் 'ஊர்' என்ற சொல்லே அதற்குச் சான்று. ஒரு நகரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து உள்ளூர் திட்டப் பகுதி என அறிவிக்கலாம். அதற்கென உள்ளூர் திட்டக் குழுமம் அமைக்கலாம். குழுமம் முழுமைத் திட்டம் வரைய வேண்டும். அதன் பிறகு அப்பகுதியில் நிலத்தை எதற்குப் பயன்படுத்துவதாயினும் அதன் அனுமதி வேண்டும். திருப்பூருக்கும் இவ்வாறு ஒரு குழுமம் அமைந்தது.

பெயரில் 'உள்ளூர்' உண்டு. அதிகாரத்தில் அது குறைவு. குழுமத்தை நடத்தும் உறுப்பினர் செயலர் சென்னையிலுள்ள நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அலுவலர். நகராட்சிப் பிரதிநிதிகளுக்கு இடம் இருப்பினும், வரைபடம் இறுதி வடிவம் பெறுவது கோட்டையில். 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகராட்சிகளுக்கு மாற்றத்தக்க பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியபோது முதல் இடத்தில் வைத்தது நகரமைப்பைத்தான். இரண்டாம் இடத்தில் நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவதை. அட்டவணையில் முதல் இடம் பெற்றதை நகர்மன்றங்களின் கையில் முழுதாகக் கொடுக்க எந்தக் கட்சியின் ஆட்சியும் முன்வரவில்லை.

முழுமைத் திட்ட வரைபடத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், அது கண்ணுக்கு இனியது. குடியிருப்புக்கு ஒரு நிறம், கலப்புக் குடியிருப்புக்கு இன்னொன்று, வணிகம், தொழில், கல்வி, வேளாண்மை என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம். குடியிருப்புப் பகுதியில் இத்தனைக் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் கூடாது என்பது போன்ற விதிகள் அந்த நிறங்களோடு வரும். பத்துக்குப் பத்து அறையில் ஓவர்லாக் எந்திரம் ஓட, அடுத்த அறையில் குழந்தை உறங்கும் வேலம்பாளையத்துத் தெருவுக்கு எந்த நிறம் பூசுவது? ஒரு நிறம் பூசித்தான் ஆக வேண்டும், பூசினார்கள். ஜேன் ஜேகப்ஸ் 1961-இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதியபோது, வீடும் கடையும் பட்டறையும் கலந்திருப்பதே தெருவின் உயிர் என்று வாதாடினார். அவர் சொன்ன கலப்பு திருப்பூரில் தேவைக்கு மேலேயே இருந்தது. நாம் இதில் ஒரு நிலைப்பாட்டை எடுக்கிறோம்: அந்த நிறவிதிகளைக் கறாராக அமல்படுத்தியிருந்தால் நான்கு எந்திரக்காரர் நாற்பது எந்திரக்காரராக ஆகியிருக்க மாட்டார். மீறலைக் கண்டுகொள்ளாதது இங்கே ஒரு தொழிற்கொள்கையாகவே இயங்கியது.

மேலும், திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய தனியார் நிலத்தை அரசு விலைகொடுத்து எடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் அதற்கான அறிவிப்பு வெளிவராவிட்டால் அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும் என்று சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. நில உரிமையாளருக்கு இது நியாயமே. ஆனால் கையில் பணமில்லாத குழுமத்துக்கு, தான் வரைந்த கோடுகள் மூன்றே ஆண்டுகளில் அழிவதை வேடிக்கை பார்ப்பதன்றி வழியில்லை.

அப்படியானால் இந்த அலுவலகம் எதற்கும் உதவவில்லையா? உதவியது, வரைபடத்தால் அன்று, மனைப்பிரிவு அனுமதி என்ற மிகச் சாதாரணமான காகிதத்தால். இங்கே சற்று நின்று கணக்குப் போடுவோம்.

ஐந்து ஏக்கர் தோட்டம் விலைக்கு வருகிறது என்று கொள்வோம். 500 சென்ட். வாங்கியவர் அதைச் சைட்டாகப் பிரிக்கிறார். குழுமத்திடம் போனால், சாலைகள் விதிப்படியான அகலத்தில் இருக்க வேண்டும். அதற்கே 150 சென்ட் போய்விடுவதாக வைத்துக்கொள்வோம். மீதி 350-இல் பத்து விழுக்காடு, அதாவது 35 சென்ட், பூங்காவாகவோ விளையாட்டிடமாகவோ பொதுவில் ஒதுக்க வேண்டும். கொங்கு வழக்கில் இதுவே 'ரிசர்வ் சைட்'. சாலையையும் ரிசர்வ் சைட்டையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்த பிறகே அனுமதி. விற்கக் கிடைப்பது 315 சென்ட். குழுமத்திடம் போகாவிட்டால்? மாட்டுவண்டி திரும்பும் அளவுக்குத் தெரு விட்டு, 100 சென்டில் சாலையை முடித்து, ரிசர்வ் சைட் ஏதுமின்றி 400 சென்டும் விற்கலாம். வித்தியாசம் 85 சென்ட். கல் நட்டு, கொடி கட்டி, ஊர்ப் பெரியவர் பெயரிலோ அம்மன் பெயரிலோ ஒரு நகர் உருவாகிவிடும். பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை ஒன்று கிடைத்தால் அது 'பஞ்சாயத்து அப்ரூவல்'. 1997-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளின்படி மனைப்பிரிவுக்கு ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பெற்றே பஞ்சாயத்து அனுமதி தர வேண்டும். அந்த நிபந்தனையைக் கேட்டறிந்து வாங்கியவர் எத்தனை பேர்?

இதில் வாங்குபவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. பீஸ் ரேட்டில் தைத்துச் சேர்த்த பணத்தில் இரண்டரை சென்ட் வாங்கத் துடிக்கும் டெய்லருக்கு, அனுமதி பெற்ற மனையின் விலை கைக்கெட்டாதது. அவர் பூங்காவை விட்டுக்கொடுத்து வீட்டை வாங்கினார். அதுவும் இயலாதவர்களுக்கு லைன் வீடு. நீண்ட ஓட்டுக்கூரையின்கீழ் எதிரெதிராக வரிசை அறைகள், பொதுக் கழிப்பறை, பொதுத் தண்ணீர்க் குழாய். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள் இருந்த அறைகளில் பின்னர் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினார்கள். ஓர் அறைக்கு நான்கு ஐந்து பேர் என்ற நிலையில் தெருவே கூடம், ரிசர்வ் சைட்டே முற்றம். ரிசர்வ் சைட் இல்லாத இடத்தில் முற்றம் இல்லை. வீட்டுக்குள் இடமில்லாதவருக்குத்தான் வீட்டுக்கு வெளியே இடம் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் அவர் வாழும் மனைப்பிரிவில்தான் அது விடப்படவில்லை. திட்டக் குழுமத்தின் வரலாற்றில் நமக்குக் கனமாகத் தோன்றுவது இதுவே.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில் திட்டமிடுதல் வேறு கைகளுக்கு முழுதாகவே போய்விட்டது. 1989 மார்ச்சில் வெளியான 213-ஆம் எண் அரசாணை, குறிப்பிட்ட ஆறுகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த புதிய தொழில்கள் கூடாது என்றது. நொய்யலும் அந்தப் பட்டியலில் உண்டு. 1998-இல் காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் இந்தத் தூரம் ஐந்து கிலோமீட்டராயிற்று. எளிய பார்வையில் இவை சுற்றுச்சூழல் ஆணைகள். உண்மையில் நில உபயோக விதிகள். முழுமைத் திட்டம் பல நிறங்களில் சொல்லத் தயங்கியதை ஒரே கோட்டில் சொல்லிவிட்டன. சாயப்பட்டறைகள் அதற்குள் நொய்யல் கரையிலும் பள்ளங்களின் ஓரத்திலும் நூற்றுக்கணக்கில் நிலைகொண்டிருந்தன. கீழே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கெனக் கட்டப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அதன் நீரை உழவர்கள் வேண்டாமென்று மறுக்கும் நிலைக்கு வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் பிறப்பித்த உத்தரவை 2009-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 ஜனவரி 28-இல் உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன, ஊரே நின்றுபோயிற்று. குழுமம் மனையளவில் சிறிது சிறிதாகச் சொல்லியிருக்க வேண்டிய 'கூடாது' என்ற சொல்லை, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் ஊர் முழுமைக்கும் ஒரே நாளில் சொன்னது. அதன் விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் அன்றாடக் கூலிகள்.

குடிக்கவும் சாயமேற்றவும் நீர் கொண்டுவந்ததோ வேறொரு நிறுவனம். 1995-இல் உருவான புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம், அரசும் ஏற்றுமதியாளர்களும் நிதி நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. 1,023 கோடி ரூபாய்ச் செலவில், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2005 வாக்கில் செயல்பட்டது. குடிநீர்த் துறையில் தனியார் பங்கேற்புக்கு இந்தியாவில் அதுவே முதல் பெரிய சோதனை என்று அன்று கொண்டாடினார்கள். குழாய் எவ்வழி போகிறதோ அவ்வழியே மனை விலையும் ஏறியது. இவ்விடத்தில் குழாய்தான் முழுமைத் திட்டம்.

பள்ளங்களோ யாருடைய திட்டத்திலும் இல்லை. கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடை. மற்ற நாட்களில் அது வெற்று நிலம்போல் கிடக்கும். திருப்பூரில் ஜம்மனைப் பள்ளமும் சங்கிலிப் பள்ளமும் அப்படிப்பட்டவை. வெற்று நிலம் கிடைத்தால் ஏழைகள் குடிசை போடுவார்கள். கரையைச் சுருக்கி மற்றவர்களும் கட்டுவார்கள். 2011 நவம்பர் மழையில் பள்ளங்கள் தங்கள் பழைய அகலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டன. கரையோர வீடுகளோடு உயிர்களும் போயின. ஆண்டின் தொடக்கத்தில் பட்டறைகள் மூடியதும், முடிவில் பள்ளங்கள் பெருகியதும், பத்துப் புறநகர் உள்ளாட்சிகள் மாநகராட்சிக்குள் வந்ததும் ஒரே 2011-இல். திருப்பூர் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அந்த ஆண்டுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

விதி மீறியவற்றைப் பின்னர் ஏற்றுக்கொள்வதற்கு நம் நிர்வாகத் தமிழில் 'வரன்முறைப்படுத்துதல்' என்று பெயர். 1998-இல் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று ஏற்க வழி செய்தார்கள். 2000-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதை ஒருமுறை மட்டுமேயான நடவடிக்கை என்ற அளவில் அனுமதித்தது. அந்த 'ஒருமுறை' மீண்டும் மீண்டும் வந்தது. மனைகளின் முறை 2016-இல். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலங்கள் மனைகளாக அழிவதைத் தடுப்பதே அவ்வழக்கின் நோக்கம். பத்திரப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. திருப்பூர்ப் புறநகரில் மனை வைத்திருந்தவர்கள், தங்கள் பத்திரத்தில் எந்த முத்திரை இருக்கிறது என்று முதன்முறையாக எடுத்துப் பார்த்தார்கள். 2017 மே மாதம் அரசு புதிய விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளும் விற்ற மனைகளும் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்பது அதன் சாரம்.

மனைக்காரருக்கு இது பெரிய ஆறுதல். வங்கிக் கடன் கிடைக்கும், கட்டட அனுமதி கிடைக்கும், விற்க முடியும். நாம் இதை எதிர்க்கவும் இல்லை. லட்சக்கணக்கான எளியோரின் ஆயுட்காலச் சேமிப்பைச் செல்லாக்காசாக்குவது நீதியாகாது. ஆயினும் அந்த 35 சென்ட் மட்டும் திரும்பாது. கட்டணம் அரசுக்கு வரும். அதே தெருவில் பூங்காவுக்கான நிலம் எங்கிருந்து வரும்? இருபதடித் தெருவை முப்பதடியாக்க எந்தச் சான்றிதழாலும் முடியாது. பிரித்து விற்றவர் கொண்டுபோன லாபத்துக்கான வரன்முறைக் கட்டணத்தை, வாங்கியவரே கட்டிக்கொண்டிருந்தார் என்ற நகைமுரணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடப்பட்ட ரிசர்வ் சைட்டுகளின் கதையும் சுகமானதன்று. தானப்பத்திரம் பதிவாகாமலே அனுமதி வாங்கியவை உண்டு. சில ஆண்டுகள் கழித்துப் பழைய உரிமையாளரின் வாரிசுகளால் மறுபடி விற்கப்பட்டவை உண்டு. இத்தகைய நிலங்களைப் பற்றிய நீதிமன்றப் பார்வைக்கு 1991-ஆம் ஆண்டின் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு ஓர் அடித்தளம். மனைப்பிரிவில் பூங்காவுக்கென விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று உச்சநீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் எடுபடவில்லை. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்கள். அரசின் முடிவை எதிர்த்துக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றதையும் நாம் கவனிக்க வேண்டும். ஏனெனில் கேட்பதற்கு ஆள் வேண்டும். மனைக்காரர்கள் நலச்சங்கம் வைத்துக் கேட்கிறார்கள். எட்டு மாதத்துக்கொரு முறை அறை மாறும் லைன் வீட்டுக்காரர் எந்தச் சங்கத்தில் இருந்து கேட்பார்?

திருப்பூர் 2008-இல் மாநகராட்சியானது. 2009 பிப்ரவரி 22-இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. புறநகர்கள் உள்ளே வந்தபோது அவற்றின் மனைப்பிரிவுக் கோப்புகளும் உடன் வந்தன. எந்தச் சர்வே எண்ணில் எத்தனைச் சென்ட் பொதுவுக்கு எழுதப்பட்டது என்பது அந்தப் பழைய பஞ்சாயத்துப் பதிவேடுகளில் இருந்தால் உண்டு. 2019-இல் மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. பத்து விழுக்காட்டு ஒதுக்கீடு அவற்றிலும் தொடர்கிறது. பரப்பு மிகக் குறைவான மனைப்பிரிவுகளில் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் இடமுண்டு என்பதால், பெருந்தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி அனுமதி கேட்கும் சாமர்த்தியமும் கூடவே தொடரும். எம்டன்கள் நம்மூரில் குறைந்துவிடவில்லை.

2022-இல் கோவை, மதுரை, திருப்பூர், ஓசூர் ஆகிய நகரங்களுக்கு, சென்னையில் இருப்பது போன்ற நகர்ப்புற வளர்ச்சிக் குழுமங்கள் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. பெருமாநல்லூர், அவினாசி, மங்கலம், பல்லடம் சாலைகளில் தோட்டங்களுக்குக் கல் நடுவது அதற்கு முன்பும் நின்றதில்லை, பின்பும் நிற்கவில்லை. பழைய மனைப்பிரிவுகளில் தப்பிப் பிழைத்த ரிசர்வ் சைட்டுகளில் இப்போது பெரும்பாலும் நிற்பவை மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி, ரேஷன் கடை, வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். பூங்கா என்று வரைபடத்தில் எழுதிய இடத்தில் இவை வந்தது விதிமீறல்தான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்தத் தொட்டியின் அடியில் ஒடியாவும் இந்தியும் தமிழும் பேசும் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து தொட்டியின் தூணில் பட்டால் அவுட்டா இல்லையா என்பதில் தகராறு வருகிறது.